அவர் அத்திபெலே போய் வந்த நாள்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். நீலசந்திராவில் எங்கள் சந்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். இடது கால் செருப்பு கழன்று பின்னால் விழுந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னபிறகுதான் குனிந்து பார்த்தேன். வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். தரையின் சூடு ஏறவில்லை. பாதம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல ஒரு மதமதப்பு மட்டும் இருந்தது.

நான் அப்போது கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் இருந்தேன். அன்று பெடலை அழுத்த அழுத்தக் கால் வழுக்கிக்கொண்டே போனது. கொஞ்ச நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்து நாலைந்து நாள் படுத்துக் கிடந்ததால், அந்த அசதிதான் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியாமல், உள்ளிருந்தபடியே என் கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் பெயர் அருள்ராஜ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். அன்று ஒரு வண்டிப் பிள்ளைகளையும் கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனார். டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. மறு காலிலும் தட்டினார். பிறகு கணுக்காலில், முழங்கையில். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சீட்டு எழுதினார். இன்றைக்கே, வீட்டுக்குக்கூடப் போகாமல், நரம்பு நோய்க்கான பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் தென்னிந்தியாவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அனந்தப்பூரிலிருந்து, தர்மபுரியிலிருந்து, ராய்ச்சூரிலிருந்து வந்தவர்கள். சாப்பாட்டுத் தூக்கும் எக்ஸ்ரே உறையுமாக எல்லோரும் ஏதோ ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு அறையில் கை கால்களில் கம்பி ஒட்டி, சுருக் சுருக்கென்று சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். இன்னொரு அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு சேர்த்து இறால்போலச் சுருளச் சொல்லி, முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஒரு சிறு குப்பியில் நீர் எடுத்தார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அசையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

எங்களிடம் விவரம் சொன்னவர் இளம் டாக்டரம்மா ஒருவர். மைசூர்ப் பக்கம். தமிழும் கன்னடமும் கலந்து பொறுமையாகப் பேசுவார். வயர் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்பின் மேலும் ஒரு உறை இருக்கிறதாம். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் சக்தியே, வயிற்றுப்போக்கு வந்த சமயத்தில் ஆள் தெரியாமல் குழம்பிப்போய் அந்த உறையைத் தின்ன ஆரம்பித்துவிட்டதாம். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். எங்கோ ஓரிடத்தில் நிற்கும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள்.

எங்கே நிற்கும் என்று என் கணவர் கேட்டார்.

"அதை யாரும் சொல்றக்கு ஆகல்ல. நெஞ்சு வரைக்கும் வந்தா மிஷின் வெப்போம். பயப்படபேடி, பயப்படாதீங்க" என்றார்.

அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு எளிய பரீட்சை இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, நடுவில் விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எந்த பாஷையில் வேண்டுமானாலும் எண்ணலாம். முதல் நாள் முப்பது வரை போனேன். மறுநாள் இருபதைத் தாண்டவில்லை. அதற்குள் கை விரல்களும் போய்விட்டன. டம்ளரை, கூட இருந்த என் அக்காதான் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியாக எண்ணியபோது ஏழிலேயே மூச்சு தீர்ந்துபோனது. டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போய் யாரையோ அழைத்து வந்தார். மிஷின் வைக்கப்போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்கு முன் எங்கள் சபைப் போதகர் வந்தார். தலைமாட்டில் நின்று ஜெபித்தார். அக்கா லீலாவும் எங்கள் மகள் ஜெனியும் கண்ணை மூடி நின்றார்கள். என் கணவர் மட்டும் கதவுக்கு வெளியே போய்விட்டார்.

அது புதிதில்லை. ஐந்தாறு வருஷமாகவே அவர் கோவிலுக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஜெனியையும் வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் நிற்பார். ஒரு காலத்தில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவர். சபைக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் யாரோடோ மனஸ்தாபம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டால், "விடு எஸ்தர்" என்பார். விட்டுவிட்டேன்.

மிஷின் வைத்தபிறகு எனக்குக் குரல் இல்லை. முதலில் வாய் வழியாகக் குழாய். சில நாள் கழித்துத் தொண்டையில் சின்னதாக ஒரு துளை போட்டு அதன் வழியாக. காற்று குரல்நாண் பக்கமே போகாததால் பேச்சு வராது. முகத்துத் தசைகளும் தளர்ந்துவிட்டதால் உதடு அசைத்தும் சொல்ல முடியாது. கண் இமை மட்டும் மிச்சம். ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாக ராகிக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் இறக்கினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படிப்பட்ட நோயாளியைப் பார்க்கப் போனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உடம்புதான் அசையாது. காது கேட்கும், புத்தி முழுசாக இருக்கும். தொட்டால் தெரியும், முதுகின் அடியில் போர்வை சுருண்டிருந்தால் கயிறு வைத்துக் கட்டியதுபோல வலிக்கும். சளியை உறிஞ்சி எடுக்கக் குழாய் விடும்போது தண்ணீரில் மூழ்குவதுபோல இருக்கும். இவை எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது மூக்கு நமைச்சல். கேட்காமலே அதைத் தெரிந்துகொண்டவள் அக்காதான். உள்ளே வந்ததும் முதல் வேலையாக முந்தானை நுனியால் என் மூக்கையும் புருவத்தையும் அழுத்தித் தேய்த்துவிடுவாள். அந்த நிமிஷத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

என் ரத்தத்தை ஒரு மிஷினுக்குள் அனுப்பி, கெட்டுப்போன நீர்ப்பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப ஏற்றினார்கள். பிரித்ததற்கு ஈடாக வேறு ஆட்களிடமிருந்து எடுத்த நீர் ஏற்ற வேண்டும். அதற்காக என் கணவரோடு வேன் ஓட்டுகிறவர்கள் காக்கிச் சட்டையோடு வரிசையாக வந்து கை நீட்டினார்கள். செலவில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. மிச்சத்துக்குச் சபைப் பெண்கள் கைகொடுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம். சாப்பாட்டு நேரம் முடிந்து வார்டு அடங்கியிருந்தது. வெளியே மழை. என் கணவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணில் களிம்பு போட்டு இமைகளை மூடிவிட்டிருந்தார்கள். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசவில்லை.

"ஆண்டவரே, உம்மகிட்டப் பேச எனக்கு முகம் இல்ல. அந்த கார்டைக் கழட்டினது நான்தான். கோவிந்தன் குடிச்சிருந்தான்னு மொதலாளிகிட்டச் சொன்னதும் நான்தான். அவன் அன்னிக்குக் குடிக்கல. உமக்குத் தெரியும்."

கோவிந்தனை எனக்குத் தெரியும். என் கணவர் வேன் வாங்குவதற்கு முன் அடுகோடியில் ஒரு ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தார். தகடு வெட்டி அச்சடிக்கும் பவர் பிரஸ் மிஷின்கள் இருந்த இடம். கோவிந்தன் அவர் கையின் கீழ் வேலை செய்தவர். மிஷினுக்குள் கை போகாமல் தடுக்க முன்னால் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கும். அதைத்தான் கார்டு என்பார்கள். அது இருந்தால் பாதுகாப்பு, ஆனால் வேலை மெதுவாக ஓடும். ஒருநாள் கோவிந்தனின் வலது கையில் நான்கு விரல்கள் அந்த மிஷினில் போயின. அவர் குடித்துவிட்டு வந்து தானே கார்டைக் கழற்றிவிட்டதாகச் சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊர் அதைத்தான் நம்பியது. நானும் அதைத்தான் நம்பினேன். கொஞ்ச நாளில் கோவிந்தன் குடும்பம் நீலசந்திராவைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது. என் கணவரும் அந்த வேலையை விட்டார். கை போன காட்சியைப் பார்த்த பயம் என்று நினைத்தேன்.

அவர் தொடர்ந்து பேசினார். அவசர ஆர்டருக்காகத் தான் கார்டைக் கழற்றியது, ரத்தத்தைப் பார்த்ததும் போலீஸ் தன்னைப் பிடிக்கும் என்று நடுங்கியது, வாயில் வந்த பொய்யைச் சொன்னது. அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பத்தை வாங்கக் கை நீட்டியபோது தன் விரல்களைத் தானே பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "இவளை எழுப்பிக் குடும். இவ எழுந்து உக்காருற அன்னிக்கே நான் போய் கோவிந்தன்கிட்டச் சொல்லிடறேன்" என்று என் கைமேல் நெற்றியை வைத்து அழுதார். கண்ணீர் விரலிடுக்கில் ஓடியதை உணர்ந்தேன். விரலை அசைக்க முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! கோபம் வந்தால் பாத்திரத்தையாவது நங்கென்று வைப்போம், கதவையாவது சாத்துவோம். எனக்கு மூச்சைக்கூட வேகமாக விட வழியில்லை. அதையும் மிஷின்தான் தன் கணக்கில் விட்டுக்கொண்டிருந்தது. நான் படுக்கையோடு கிடந்து, ஒரே வீட்டில் என்னோடு இருந்தவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கொஞ்சம் தணிந்தபோது பயம் வந்தது. நான் எழுந்தால் போவாராம். எழாவிட்டால்? என் உடம்பை நடுவில் வைத்து ஆண்டவரோடு பேரம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் செத்தால் கோவிந்தனுக்கு நியாயம் கிடைக்காது. பிழைத்தாலோ அது கூலி கொடுத்ததுபோல ஆகிவிடும். அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. என்னைக் குணமாக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இவர் என் காலுக்காகக் காத்திருக்காமல் போகட்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. வேறு எதைக் கேட்டாலும் மனம் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே எனக்கு நிமோனியா வந்தது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மிஷினில் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா என் கணவரையும் அக்காவையும் வார்டு ஓரத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசியது என் காதில் அரைகுறையாக விழுந்தது. மருந்து மாற்றியிருக்கிறோம், இரண்டு நாள் போனால்தான் தெரியும், உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

மறுநாள் காலையில் என் கணவர் இல்லை. அக்காவிடம் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பெண்டாட்டி இந்த நிலைமையில் கிடக்கும்போது எங்கே போகிறீர்கள் என்று அக்கா சண்டையே போட்டிருக்கிறாள். அவர் நிற்கவில்லை. அன்று முழுக்க அக்கா என் காலைத் தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

பார்வை நேரம் முடியும் சமயத்தில் வந்தார். சட்டையெல்லாம் ரோட்டுப் புழுதி. குனிந்து என் காதருகில் பேசினார்.

"எஸ்தர், நான் அத்திபெலே போயிருந்தேன். கோவிந்தனைப் பார்த்தேன்."

அத்திபெலே செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்காகக் கோவிந்தனும் அவர் மனைவி சரசாவும் டீக்கடை போட்டிருக்கிறார்கள். என் கணவருக்கு அது வெகுநாளாகவே தெரியுமாம். நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்பது தெரியாமல், கார்டைக் கழற்றியதிலிருந்து எல்லாவற்றையும் எனக்கு மறுபடி சொன்னார். முதல்முறை அழுதுகொண்டே சொன்னவர், இந்த முறை நிதானமாகச் சொன்னார்.

"நீ பொழைச்சா போறேன்னு ஆண்டவர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். நேத்து டாக்டரம்மா பேசினப்புறம் எனக்கே ஒறைச்சுது. நீ போயிட்டா நான் போகாம இருந்துடுவேனா? அப்போ செஞ்சது தப்புன்னு நான் அழல, பயந்துக்கிட்டு அழுதிருக்கேன். அதான் இன்னிக்கே போயிட்டேன். இதுக்கும் உன் உடம்புக்கும் சம்பந்தம் இல்ல. நீ எழுந்தாலும் எழாட்டியும் இது நான் செய்ய வேண்டியது. கேக்குதா?"

இமையை ஒருமுறை மூடித் திறந்தேன்.

கோவிந்தன் அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாராம். வாடிக்கைக்காரருக்குக் கொடுப்பதுபோல இடது கையால் ஒரு கிளாஸ் டீயை எடுத்து வைத்தாராம். இவர் டீயைத் தொடாமல் நின்றபடியே சொல்லியிருக்கிறார். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சரசா கையை நிறுத்திவிட்டாள். கோவிந்தனோ நடுவில் வந்த லாரி டிரைவருக்கு டீ ஆற்றிக் கொடுத்து, சில்லறையும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

"எனக்குத் தெரிஞ்சதையே என்கிட்ட வந்து சொல்றே. வெரல் போனதுக்காக யாரும் எனக்கு வேலை குடுக்காம இருக்கல. பேர் போனதுக்குத்தான் குடுக்கல. அடுகோடியில போய்ச் சொல்லு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

என் கணவர் அடுகோடிக்குப் போனார். ஒரு நாளில் முடியவில்லை. காலை வேன் சவாரி முடிந்ததும் போவார், மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வருவார். பழைய முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறாய் என்று எழுந்து உள்ளே போய்விட்டாராம். பக்கத்து ஷெட்டுகளில் தெரிந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட வேலை செய்த ஒருவர் எல்லார் எதிரிலும் காறித் துப்பினார். இவர் அடுத்த ஷெட்டுக்குப் போனார். இதையெல்லாம் அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, சோகமாகவும் சொல்லவில்லை. இன்றைக்கு யார் யாரிடம் சொன்னேன் என்று சந்தைக்குப் போய் வந்தவர்போல ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார். முன்பெல்லாம் ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பார். இப்போது ஸ்டூலிலேயே தலை சாய்ந்து குழந்தைபோலத் தூங்கினார் என்று அக்கா சொன்னாள். அவள் திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

என் காய்ச்சல் இறங்கியது. புது மருந்து வேலை செய்தது என்று டாக்டரம்மா சொன்னார். என் கணவர் அத்திபெலே போனதால்தான் காய்ச்சல் இறங்கியது என்று நான் எழுத மாட்டேன். அவரே அதைச் சொல்ல விடமாட்டார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த ராய்ச்சூர்ப் பெண்ணுக்காக அழுதவர்களும் மனதாரத்தான் அழுதார்கள். அவள் வீடு திரும்பவில்லை.

நான் எதிர்பார்க்காமல் வந்தவள் சரசா. ஒரு பிற்பகல் அக்காவின் இடத்தில் அவள் நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், கையில் ஒயர் கூடை. ஆளே இளைத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் தலையைப் பார்த்தாள். வாரக்கணக்கில் படுத்துச் சிக்குப் பிடித்திருந்தது. நர்ஸிடம் கேட்டுவிட்டு, கூடையிலிருந்து சீப்பை எடுத்து நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். சிக்கெடுத்தபடியே பேசினாள்.

"உன் புருசன் வந்து சொன்னப்போ எனக்கு அவர்மேல கோவம் வரல எஸ்தர். என்மேலதான் வந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினார், குடிக்கலன்னு. நான் நம்பல. இத்தினி வருசமும் சோறு போட்டேன், நம்பல. அன்னிக்கு ராத்திரி கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்."

சிக்கு முழுக்கத் தீர்ந்ததும் இரண்டு பின்னலாகப் போட்டு, என் இரண்டு தோளிலும் முன்னால் எடுத்துவிட்டாள்.

"சீக்கிரம் எழுந்திரு. உன் புருசனைத் திட்டறதுக்காவது உனக்கு வாய் வேணும்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் சிரிப்பு வந்ததோ என்னவோ, சரசா குனிந்து பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். இடது பக்கம் உதட்டோரம் அசைந்ததாம். நர்ஸ் கன்னடத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவைக் கூட்டி வர ஓடினாள். அதுதான் தொடக்கம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஆமை வேகத்தில், ஆனால் நல்லபடியாக நடந்தது. முதலில் முகம், பிறகு தோள், பிறகு கை. மிஷினைச் சில நிமிஷம் நிறுத்தி நானாக மூச்சு விடப் பழக்கினார்கள். முதல்நாள் இரண்டு நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது. பிறகு அரைமணி, அரைநாள் என்று போய், ஒருநாள் மிஷினையே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் தரை மட்டும் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தொண்டைக் குழாயின் வாயை மூடி, பேசுங்கள் என்றார் டாக்டரம்மா. வந்த குரல் ஆண்பிள்ளைக் குரல்போலக் கரகரத்தது. ஜெனி பெயரைச் சொன்னேன். வாசலில் நின்ற அவளை அன்று உள்ளே விட்டார்கள்.

எல்லோரும் போனபிறகு என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் மழை பேஞ்சுதே, நீங்க அழுதீங்களே, அப்ப நான் தூங்கல" என்றேன்.

"எல்லாம் கேட்டியா?"

"எல்லாம்."

"பேரம் பேசினதையுமா?"

"அதையும்தான்."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவரைத் திட்டுவதற்காக நான் கட்டிலில் கிடந்தபடியே எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் சிலவற்றை அன்றும், சிலவற்றை வீட்டுக்குப் போனபிறகும் சொன்னேன். சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். ஆனால் அன்று முதலில் சொன்னது, "என்னை விட்டுட்டுப் போனீங்களே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்பதுதான்.

வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் சந்துக்கு வேன் வராது; முனையிலிருந்து தெருப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு வாரம் யார் வீட்டிலிருந்தாவது குழம்பு வந்துகொண்டே இருந்தது.

என் கணவர் அப்போதும் கோவில் வாசலைத் தாண்டவில்லை. போதகர் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோவிந்தன் மன்னிக்காமல் நான் எப்படித் திருவிருந்தில் வந்து நிற்பது என்று கேட்டார். போதகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவிந்தனுடைய மன்னிப்பு கோவிந்தன் கையில இருக்கு அருள். அதை நீங்க அவசரப்படுத்தக் கூடாது. ஆண்டவருடைய மன்னிப்பு அவர் கையில இருக்கு. அதை நீங்க தாமதப்படுத்தக் கூடாது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேனை நிறுத்திவிட்டு எங்களோடு உள்ளே வந்தார். பாட்டு எடுத்தபோது அவர் குரல் இரண்டாம் வரியில்தான் சேர்ந்தது. திருவிருந்து நேரத்தில் என்னைத் தாங்கிக்கொண்டு பீடத்துக்கு நடத்திப் போனார். எனக்கு முழங்கால் போட முடியாது. மடக்கினால் எழ முடியாது. அவர் முழங்காலில் இருந்தார், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பத்துக்காகக் கையை நீட்டினார். தன் விரல்களைப் பார்த்தபடியே அதை வாங்கிக்கொண்டார்.

கோவிந்தன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பல மாதம் கழித்து. சரசா இடையிடையே வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அவரையும் கூட்டி வந்தாள். கை எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஜெனி படிப்பைக் கேட்டார். என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் கொண்டுவந்து வைத்த தண்ணீரை மட்டும் குடித்தார். அடுத்த முறையும் அப்படித்தான். அடுகோடியில் தெரிந்த ஒரு ஷெட்டில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டார்கள், டீக்கடையே போதும் என்று சொல்லிவிட்டேன் என்றார். அதையும் என்னிடம்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. என் கணவர் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாயைத் திறந்து, மன்னித்துவிட்டாயா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். "அவன் வரானே, அது போதாதா" என்றார்.

இப்போது நான் மறுபடியும் தையல் மிஷினில் உட்காருகிறேன், வீட்டிலேயே. பாதத்தில் லேசான மதமதப்பு நிற்கவில்லை. நிற்காது என்றும் சொல்லியிருக்கிறார்கள். பழகிவிட்டது. ஜெனி என் வேகத்துக்குத் தகுந்தாற்போல நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவர் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிறார். முன்னால் வரச் சொல்லியும் போகவில்லை.

போன மாதம் கோவிந்தனும் சரசாவும் வந்திருந்தார்கள். மகளுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு இடம் கூடிவருகிறதாம். பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. சரசா எல்லா விவரமும் சொல்லி முடித்தாள். கிளம்பும்போது கோவிந்தன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"அருளு, ஞாயித்துக்கெழமை வண்டி சும்மா இருக்குமா? மாப்பிள்ளை ஊடு பாக்கப் போவணும். பன்னெண்டு பேர் இருக்கறோம்."

என் கணவர் எழுந்து நின்றார். வண்டி இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

"விடியறப்பவே வந்துடு" என்றார் கோவிந்தன்.

அந்த ஞாயிறு மட்டும் என் கணவர் கோவிலுக்கு வரவில்லை. நான் போய் அவருக்கும் சேர்த்துப் பாடிவிட்டு வந்தேன்.